உலர்ந்த நாவும் ஊறும் நீரும்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். நம் பங்கு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்தது. கிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. மேற்கே போனால் திருவள்ளூர் மாவட்டத்தின் நெல்வயல்கள். நடுவே சிப்காட் வளாகத்தின் இரும்பு உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும். ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு தொடங்கும் காலை வேளையில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் சாலையை நிறைத்துவிடும். அந்த நெரிசலினூடே, நற்கருணைப் பேழையை மார்போடு அணைத்தபடி, உபதேசியாரின் வண்டியில் பின்னால் அமர்ந்து நாம் செல்வோம்.

தவக்காலத்தின் ஒரு முதல் வெள்ளியன்று நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். அவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். உருட்டாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் உலைக்கு முன்னே நின்று உழைத்தவர். இரவு ஷிப்டின் தூக்கத்தையும் உலையின் வெக்கையையும் தாங்குவதற்கென்று கன்னத்தில் அடக்கிக்கொண்ட புகையிலை, நாவில் புற்றாக முளைத்தது. சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாவின் ஒரு பகுதி போயிற்று. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட முறை கதிர்வீச்சுச் சிகிச்சை. நோய் அடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லியனுப்பினர். வீட்டிலே மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். ஆயினும் நாம் அந்த வீட்டுக்குச் சென்றபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சாமி, எனக்கு நன்மை வேணாம். மத்தவங்களுக்குக் கொடுங்க.”

“ஏன் தம்பி? பாவசங்கீர்த்தனம் செய்யணுமா?”

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு வாய் நனைத்துக்கொண்டார். அந்த நீரில்தான் அவருடைய சொற்கள் நடந்து வந்தன. முந்திய மாதம் நாம் அளித்த அப்பம் அவருடைய மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். நாவால் புரட்ட முடியவில்லை, விழுங்க எச்சில் இல்லை, மூச்சு முட்டியது. நாம் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்ட பின்னர், விரலை விட்டு அதைச் சுரண்டியெடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். மூன்று நாள் அது ஜெபமாலைப் பெட்டியில் இருந்தது. பிறகு நீரில் கரைத்து ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினாராம்.

“ஆண்டவரையே துப்பின பாவி சாமி நான்,” என்றார்.

அவர் அழுதார். ஆனால் அவர் வாயின் ஓரத்தில் ஈரம் இல்லை. ஈரமற்ற உதடுகளோடு ஒரு மனிதர் அழுவதை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் செய்தது பாவமன்று என்று நாம் உடனே எடுத்துரைத்தோம். உட்கொள்ள இயலாமற்போன நற்கருணையை நீரில் கரைத்து மண்ணில் ஊற்றுவதுதானே திருச்சபையின் வழக்கம்! யாரும் சொல்லித் தராமலே, அச்சத்தினால் அவர் செய்தது ஏறக்குறைய அதுவே. எனினும் நம் சொல் அவருடைய செவியைத் தாண்டிச் செல்லவில்லை என்பதை அறிந்தே வெளியே வந்தோம். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பலருடைய நாவில் ஆண்டவரை வைத்திருக்கிறோம். அந்த நாவுக்கு எதனால் ஈரம் வருகிறது என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. அந்த வெட்கமே நம்மைக் கற்கத் தூண்டியது.

நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் பல் மருத்துவக் கல்லூரியொன்றில் உடலியங்கியல் கற்பிக்கிறார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்து அவர் நமக்குப் பாடம் சொன்னார். அதில் நமக்கு விளங்கியதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நம் வாயில் மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்னே கன்னத்தில் ஓரிணை. குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வரும்போது வீங்குவது இதுவே. கீழ்த்தாடைக்கு அடியில் ஓரிணை. நாவுக்கு அடியில் ஓரிணை. இவையன்றி உதட்டிலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் விரவிக் கிடக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைத் தருகின்றன. உறக்கத்தில் மட்டும் ஊற்று ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேசு என்னும் புரதம் அதில் உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்கு அதுவே காரணம். வழவழப்பைத் தந்து உணவை வழுக்கிச் செல்லவிடும் மியூசின் உண்டு. கிருமிகளின் சுவரைத் தகர்க்கும் லைசோசைம் உண்டு; பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, 1922ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். பல்லின் தாது கரையாமல் காக்கும் புரதங்களும் உண்டு. இவற்றையெல்லாம் சுரப்பியின் அணுக்கள் முன்னதாகவே சமைத்து, நுண்ணிய பைகளில் கட்டி, வாசலருகே அடுக்கி வைத்திருக்கின்றன. கட்டளை வந்ததும் பையின் தோலும் அணுவின் தோலும் ஒன்றோடொன்று இணைந்து திறந்துகொள்ள, புரதம் வெளியே கொட்டுகிறது.

அந்தக் கட்டளையைத் தருவது யார்? இரைப்பையும் கணையமும் இரத்தத்தில் மிதந்து வரும் சுரப்புநீர்களின் சொல்லையும் கேட்கும். வாயோ பெரிதும் நரம்பின் சொல்லையே கேட்கிறது. புளியங்காயைக் கண்டவுடன் நாவில் நீர் ஊறுகிறதே, அந்த விரைவு நரம்பினால் மட்டுமே ஆகக்கூடியது. ரஷ்ய அறிஞர் பாவ்லவ், செரிமான ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர், நாய்களின் உமிழ்நீரைத் துளித்துளியாக எண்ணியே மனப்பழக்கத்தின் விதிகளைக் கண்டார்.

சுரப்பிக்கு இருவகை நரம்புகள் வருகின்றன. ஒன்றுக்குப் பரிவு நரம்பு என்றும், மற்றதற்கு எதிர்ப்பரிவு நரம்பு என்றும் தமிழில் பெயர். பள்ளியில் படித்தபோது இவ்விரண்டும் பகைவர் என்றே நாம் மனப்பாடம் செய்தோம்: ஒன்று இதயத்தை விரைவுபடுத்தும், மற்றது அடக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியிலோ இவை பகைவர் அல்ல. எதிர்ப்பரிவு நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சிந்துகிறது. அணுவுக்குள்ளே கால்சியம் பெருகி, நீர் வெள்ளமாகப் பாய்கிறது. பரிவு நரம்பு நாரட்ரினலினைச் சிந்துகிறது; அதனால் நீர் அதிகம் வருவதில்லை, ஆனால் அடுக்கி வைத்த புரதப் பைகள் திறக்கின்றன. புரதம் கொடுப்பது ஒன்று, அதை ஏந்திச் செல்லும் ஆற்றைக் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நாம் உண்ணும்போது வாயில் நிறையும் அந்த உயிருள்ள நீர் உண்டாகிறது.

இதோடு பாடம் முடிந்தது என்றுதான் உலகமும் நெடுங்காலம் எண்ணியிருந்தது. ஆனால் ஒரு புதிர் மட்டும் தீராமல் நின்றது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1850ஆம் ஆண்டை ஒட்டி, நரம்பைத் தூண்டினால் சுரப்பி சுரக்கிறது என்று காட்டினார். பிரான்சின் கிளாட் பெர்னார்டு 1858இல், அதே நரம்பைத் தூண்டினால் சுரப்பிக்குள் இரத்த ஓட்டமும் பெருகுகிறது என்று கண்டார். 1872இல் ஹைடன்ஹைன் என்பவர் அட்ரோபின் என்னும் மருந்தைச் செலுத்திவிட்டு நரம்பைத் தூண்டிப் பார்த்தார். உமிழ்நீர் நின்றுவிட்டது, இரத்த ஓட்டமோ முன்போலவே பெருகியது! ஒரு தூதனின் வாயைக் கட்டியும் செய்தி எப்படிச் சென்று சேர்ந்தது?

விடை வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1970ஆம் ஆண்டு சாமி சயீத், விக்டர் மூட் என்னும் இருவர் பன்றியின் குடலிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். பெப்டைடு என்பது வேறொன்றுமன்று. அமினோ அமிலங்கள் மணிகளாய்க் கோக்கப்பட்ட சிறு மாலை. இந்த மாலையில் 28 மணிகள். குடலில் கண்டெடுத்து, இரத்தக் குழாய்களை விரிக்கும் தன்மையுடையது என்று அறிந்ததால், ‘வாசோ ஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடு’ என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக வி.ஐ.பி. பின்னர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பூனையின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒன்றைக் கண்டனர்: எதிர்ப்பரிவு நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலினோடு இந்தப் பெப்டைடும் குடியிருந்தது. அட்ரோபின் முதல் தூதனின் வாயைத்தான் கட்டியது. அவனுக்குப் பின்னே பெயர் அறியப்படாத இரண்டாம் தூதன் ஒருவன் நின்றிருந்தான். இன்று அத்தகைய தூதர் பலரை அறிந்திருக்கிறோம். 1931லேயே கண்டறியப்பட்ட சப்ஸ்டன்ஸ் பி என்னும் பெப்டைடும் எலி போன்ற விலங்குகளின் சுரப்பியில் இப்பணியைச் செய்கிறது.

இந்த இரண்டாம் தூதனின் குணங்களை அம்மையார் விவரித்தபோது நாம் வியந்தோம். அசிட்டைல்கோலின் நரம்பின் நுனியிலேயே மீண்டும் மீண்டும் தயாராகிவிடும். செலவழிந்தால் அங்கேயே ஈடுசெய்யலாம். பெப்டைடு அப்படியன்று. நரம்பணுவின் உடலிலே பிறந்து, நெடிய இழை வழியாக நடந்து வந்து சேர வேண்டும். ஒருமுறை மெல்லத் தட்டினால் அது வெளிவருவதில்லை. விரைந்து, தொடர்ந்து தட்டினால்தான் வருகிறது. வந்தாலோ அதன் பணி நீடித்து நிற்கிறது. இரத்தக் குழாயை விரித்துச் சுரப்பிக்கு வேண்டிய நீரை வரவழைக்கிறது. புரதப் பைகளையும் திறக்கச் செய்கிறது.

இன்னொரு செய்தியும் சொன்னார். நரம்பு வேலை வாங்குவதோடு நிற்பதில்லை. சுரப்பியை உயிரோடு வைத்திருப்பதும் அதுவே. நரம்பைத் துண்டித்தால், இரத்தம் தடையின்றி ஓடினாலும், சுரப்பி நாளடைவில் சுருங்கிப்போகும். மெல்லும் வேலையே இல்லாத நீர்ம உணவை மட்டும் கொடுத்து வளர்த்த எலிகளின் கன்னச் சுரப்பி எடை குறைந்துவிடுகிறது. அழைக்கப்படாத உறுப்பு வாடுகிறது. உணவு கிடைத்தும் அழைப்புக் கிடைக்காததால் வாடுகிறது.

நாம் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டோம். நம் பங்கில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள்! உண்ண உண்டு, உடுக்க உண்டு, அழைக்கத்தான் ஆளில்லை.

அன்பு வாசகர்களே, இந்தப் பாடம் ஏதோ ஐரோப்பிய ஆய்வுக்கூடத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்ச் சாலையோரத்தில் வெள்ளைப் பூவும் முள்காயுமாக நிற்கும் ஊமத்தையில் இருப்பது அட்ரோபினின் இனத்து நஞ்சுதான். ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு நா வறண்டு ஒட்டிக்கொள்ளும், கண்மணி விரியும், புத்தி தடுமாறும். இதற்கு நேர்மாறானதையும் நம் வயல்களில் காணலாம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் காற்றுக்கு எதிரே நின்று தெளித்த உழவர் ஒருவரை, சில ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது நாமும் உடன் சென்றோம். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்துகொண்டே இருந்தது, கண்ணிலும் நீர், மார்பில் சளி இரைந்தது. அசிட்டைல்கோலினை அவ்வப்போது துடைத்துவிடும் நொதியை அந்த மருந்து முடக்கிவிடுகிறது என்பது நமக்கு இப்போதுதான் விளங்குகிறது. தூதன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறான், நிறுத்த ஆளில்லை. அன்றிரவு மருத்துவர் மீண்டும் மீண்டும் ஊசியில் ஏற்றியது அட்ரோபின். ஓரிடத்தில் நாவை உலர்த்தும் நஞ்சு, வேறோரிடத்தில் உயிர் காக்கும் மருந்து. விடியும்போது அவர் பிழைத்தார்.

அச்சமும் நாவை உலர்த்தும். மூளையின் அடித்தண்டில் இருக்கும் உமிழ்நீர் மையத்தை, அச்சங்கொண்ட மேல்மூளை அடக்கிவிடுகிறது. நம் பழைய தருமசாத்திர நூல்கள் கூறும் தெய்வச் சோதனைகளில் அரிசிச் சோதனையும் ஒன்று: திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனை அரிசியை மென்று துப்பச் சொல்வார்கள். குற்றமுள்ளவனுக்கு வாய் வறளும் என்பது நம்பிக்கை. ஆனால் அச்சம் குற்றவாளிக்கு மட்டுமா வரும்? வலியவர் முன் நிறுத்தப்பட்ட எளியவனுக்கும் வரும். குற்றமற்ற எத்தனை ஏழைகள் உலர்ந்த அரிசியைத் துப்பித் தண்டனை பெற்றார்களோ! குருப்பட்டம் பெற்றபின் நாம் ஆற்றிய முதல் மறையுரையில் நம் நாவும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று நம்மீது குற்றம் ஏதும் இல்லை; முன்வரிசையில் ஆயர் அமர்ந்திருந்தார், அவ்வளவே.

இவ்வளவும் கேட்ட பின், “அப்படியானால் நம் சகோதரருக்கு நேர்ந்தது என்ன?” என்று அம்மையாரிடம் கேட்டோம்.

“தூது வருது ஃபாதர். கேட்க வேண்டிய அணுக்கள்தான் இல்லை,” என்றார் அவர்.

கதிர்வீச்சு புற்றணுக்களை அழிக்கும்போது, வழியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிதைகின்றன. கன்னச் சுரப்பி அதில் மிகவும் மெல்லியது. சிகிச்சையின் முதல் வாரத்திலேயே ஊற்று குறையத் தொடங்கும். இன்று கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, கன்னச் சுரப்பியை இயன்றவரை ஒதுக்கிக் காக்கும் முறை வந்திருக்கிறது. ஆயினும் நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்து எல்லாருக்கும் அது முழுமையாகக் கைகூடுவதில்லை. எஞ்சிய அணுக்களைத் தட்டியெழுப்பப் பைலோகார்ப்பின் என்னும் மருந்து உண்டு. கண் அழுத்த நோய்க்குச் சொட்டுமருந்தாக நெடுங்காலம் பயன்பட்டு வரும் அதே பொருள். தென்னமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து கிடைப்பது. அசிட்டைல்கோலினைப் போலவே பேசும். மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதைக் கொள்ள வேண்டும், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. அணுக்களே மடிந்த இடத்தில் எந்த மருந்துக்கும் செவி கிடைக்காது.

நாம் திருச்சபைச் சட்டநூலை எடுத்துப் பார்த்தோம். குருமடத்தில் கற்றது, பயன்படுத்தத்தான் இல்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்னும் 919ஆம் விதி, தண்ணீரையும் மருந்தையும் தடைசெய்யவில்லை. நோயாளிக்கும் அவரைப் பராமரிப்போருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. அப்பத்தின் சிறு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். அதுவும் இயலாதபோது, திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை அளிக்கலாம் என்று 925ஆம் விதி கூறுகிறது. இத்தனை வாசல்கள் திறந்திருக்க, அந்த மனிதரைப் பூட்டிய கதவின் முன் பல நாள் அழவைத்தவர்கள் யார்? சட்டம் அன்று, அதைச் சொல்லித்தராத நாமே.

பாஸ்கா காலத்தில் ஒரு மாலை, அவருடைய வீட்டிலேயே திருப்பலி நிறைவேற்றினோம். மனைவி, பிள்ளைகள், வயதான தாயார், அன்பியத்தவர் சிலர். திருவிருந்தின்போது சிறு கரண்டியால் கிண்ணத்திலிருந்து சில துளிகளை அவர் நாவில் இட்டோம். புண்பட்ட வாயில் அது எரிந்திருக்க வேண்டும். கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு, “இறங்கிடுச்சு சாமி,” என்றார். இன்னும் ஒருமுறை இட்டோம். கரண்டி அவர் உதட்டில் பட்டு மீண்டும் கிண்ணத்துக்குள் சென்றது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை எண்ணினோம். திருவிருந்துக்குப் பின் கிண்ணத்தில் எஞ்சியதைக் குருவானவர் அருந்தியாக வேண்டும். கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது நம் கை நின்றுவிட்டது. அறுக்கப்பட்ட அந்த நா, அந்த வாயின் நாற்றம், அந்தக் கரண்டி. நமக்குக் குமட்டியது. ஆண்டவரின் திரு இரத்தம் என்று அறிக்கையிட்ட அதே நாவு, அதை அருந்த அருவருத்தது. அப்போது நம் வாய் உலர்ந்திருந்ததை நாம் உணர்ந்தோம். அந்த வீட்டின் மூலையில் அவருக்கென்று தனியே ஒரு குவளையும் தட்டும் வைக்கப்பட்டிருந்ததை முன்பே கண்டு, “ஏனம்மா இப்படி? இது ஒட்டிக்கொள்ளும் நோயா?” என்று அவருடைய தாயாரைக் கடிந்துகொண்டவரும் நாமேதான்.

எச்சில் என்றால் எஞ்சியது. தமிழன் அந்தச் சொல்லுக்குத்தான் எவ்வளவு அஞ்சினான்! எச்சில் இலை, எச்சில் பண்டம் என்று ஒதுக்கினான்; தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்து மனிதரையே ஒதுக்கினான். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் நம்மில் பலருடைய நெஞ்சில் அந்த இரண்டாம் குவளை உடையாமல் இருக்கிறது. அன்று மாலை நம் நெஞ்சிலும் அது இருக்கக் கண்டோம்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் சொல்லால் மட்டும் குணமாக்கியிருக்கலாம். ஆனால் கூட்டத்திலிருந்து அவரைத் தனியே அழைத்துச் சென்று, தம் உமிழ்நீரால் அவருடைய நாவைத் தொட்டார். பிறவிக் குருடருக்கோ உமிழ்நீரால் சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசினார். பழைய திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் செவியிலும் நாசியிலும் இடுவது வழக்கமாயிருந்தது. 1969ஆம் ஆண்டு வந்த புதிய சடங்குமுறையில் அது விடப்பட்டது. நலவழி கருதி விட்டது நல்லதே. ஆயினும் குருமடத்தில் இப்பகுதியைக் கற்றபோது, பண்டைய உலகில் உமிழ்நீருக்கு மருத்துவக் குணம் உண்டென்று நம்பினார்கள் என எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டோம். தொடப்பட்ட அந்த மனிதரின் நாவு என்ன உணர்ந்திருக்கும் என்று அன்றுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. தன்னை எவரும் தொடாத ஓரிடத்தில், இன்னொரு மனிதரின் வாயின் ஈரம்!

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியவில்லை. பிறருக்கு அது ஒரு கணமாகவே தோன்றியிருக்கும். பின்னர் கிண்ணத்திலிருந்ததை முழுவதும் அருந்தினோம். நீர் விட்டுக் கழுவி அதையும் அருந்தினோம். அருவருப்பு உடனே அகன்றுவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் தலை நிமிர்ந்தபோது அவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் தயங்கியதையும் கண்டிருப்பார், அருந்தியதையும் கண்டிருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒப்புரவு அருளடையாளம் பெற நாம் வேறொரு பங்குத்தந்தையை நாடிச் சென்றோம். இதை அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, “முதல் வெள்ளி மட்டும் போதாது; அடிக்கடி போய்விட்டு வாருங்கள்,” என்றார். அதையே பரிகாரமாகவும் இட்டார். ஒருமுறை மெல்லத் தட்டினால் வெளிவராத பெப்டைடின் நினைவு நமக்கு வந்தது.

இப்போது வாரந்தோறும் செல்கிறோம். பெரிதாக ஏதும் பேசுவதில்லை. ஆலையில் ஆள் குறைத்ததைப் பற்றியும், மகளின் பிளஸ் டூ தேர்வைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். அவருடைய சுரப்பிகள் மீண்டுவிடவில்லை; மருந்து ஓரளவே உதவுகிறது. இரவில் வாய் காய்ந்து விழித்துக்கொள்கிறார். ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். கையில் தண்ணீர்ப் புட்டியோடு கடைசி வரிசையில் அமர்கிறார். முதல் வாரங்களில், கோயிலுக்குள் தண்ணீர் குடிக்கிறாரே என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித் திரும்பிப் பார்ப்போருக்காகவே இதை எழுதுகிறோம். உங்கள் பங்கிலும் அத்தகையோர் இருப்பார்கள். அவர்களுக்கு அப்பத்தின் சிறு துணுக்கைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மிடறு நீர் அருந்தத் தடையில்லை என்று சொல்லுங்கள். அதுவும் இயலாவிட்டால் உங்கள் பங்குத்தந்தையிடம் தயங்காமல் கேளுங்கள். நம்மைப் போலவே அவரும் மறந்திருக்கக்கூடும்.

சென்ற வாரம் அவ்வீட்டில் தேநீர் தந்தார்கள். நான்கு எவர்சில்வர் குவளைகள் ஒரே தட்டில் வந்தன. அவற்றுள் எது அவருடையது என்று நமக்குத் தெரியவில்லை.